முதலில் தண்ணீரைக் காட்டுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து ராஜஸ்தானுக்குக் குழுப் பயணம் நடத்தும் சுற்றுலா அமைப்பாளர்களுக்கு,

உங்கள் துண்டறிக்கைகளில் நிறுவனத்தின் பெயரை மட்டும் விரலால் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஜெய்ப்பூரில் ஆமேர் கோட்டை, ஹவா மஹால், சிட்டி பேலஸ், ஜோத்பூரில் மெஹ்ரான்கர், உதய்பூரில் ஏரியில் படகுச் சவாரி, கூடுதலாகப் பணம் கட்டியவர்களுக்கு ஜெய்சல்மேரில் ஒட்டகமும் மணல் மேட்டில் ஒரு ராத்திரியும். கூடவே வரும் சமையல்காரர் கையால் சாம்பாரும் ரசமும். இதில் எனக்குப் புகார் இல்லை. வயதான பெற்றோரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போகிறவர்களுக்கு இந்த ஒழுங்கு வேண்டும். நான் கேட்பது வேறு. அந்தக் கோட்டைகளில் எந்த இடத்தில் பேருந்துக் கூட்டத்தை நிறுத்திக் காட்டுகிறீர்கள், எந்த இடத்தை ‘அங்கே ஒன்றும் இல்லை’ என்று தாண்டிக் கூட்டிப் போகிறீர்கள்? கண்ணாடி மாளிகை, பொன்முலாம் பூசிய கூரை, பல்லக்கு, வாள் எல்லாவற்றின் முன்னாலும் நிற்கிறீர்கள். தண்ணீர் இருந்த இடத்தில் நிற்பதில்லை. மலைக்கோட்டை என்பது எல்லாவற்றுக்கும் முன்னால் மழையைப் பிடித்து வைக்கும் ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாடு கைகூடிய பிறகுதான் மதிலும் மாளிகையும் அதன்மேல் எழுந்தன. நீங்கள் காட்டுவது பின்னால் வந்ததை மட்டும் என்பதே என் வழக்கு.

2013இல் யுனெஸ்கோ ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளை ஒரே தொகுப்பாக உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது: சித்தோர்கர், கும்பல்கர், ரணதம்பூர், காக்ரோன், ஆமேர், ஜெய்சல்மேர். (மெஹ்ரான்கர் இதில் இல்லை என்பது உங்கள் வாடிக்கையாளர்களில் பலருக்கு வியப்பாக இருக்கும்.) ஆறும் குன்றின்மேல் நிற்பவை என்றாலும் ஆறும் ஒரே ரகமல்ல. காக்ரோன் கோட்டை ஆஹூ, காலி சிந்து என்ற இரண்டு ஆறுகள் கூடும் முனையில் மூன்று பக்கமும் தண்ணீர் சூழ நிற்கிறது. ரணதம்பூர் அடர்ந்த காட்டுக்குள். ஜெய்சல்மேர் பாலை நடுவில். சித்தோரும் கும்பல்கரும் அசல் மலையரண்கள். தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் பிரிவினை புதிதல்ல. திருக்குறளின் அரண் அதிகாரத்தில் கோட்டைக்கு வேண்டியவை என்று வள்ளுவர் அடுக்குவதும் இந்த நான்கைத்தான்: நீர், நிலம், மலை, காடு. அதில் நீர் முதலில் நிற்கிறது. எதுகைக்காகவும் மோனைக்காகவும் அப்படி அமைந்தது என்று தமிழாசிரியர் யாராவது சொல்லக்கூடும். கோட்டை கட்டிய கொத்தனாரைக் கேட்டிருந்தால் அதே வரிசையைத்தான் சொல்லியிருப்பார். குன்றின் உச்சியில் ஆறு ஓடாது. கிணறு தோண்டினால் பாறை. எதிரி வந்து கீழே கூடாரம் அடித்துவிட்டால் அடிவாரத்து ஏரியும் ஓடையும் அன்றைக்கே அவன் கைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு உச்சியில் விழுந்த மழையில் எவ்வளவைப் பிடித்து வைத்திருக்கிறோமோ அவ்வளவுதான் உயிர்.

சித்தோர்கரை எடுத்துக்கொள்வோம், அங்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுற்றியுள்ள சமவெளியிலிருந்து சுமார் 180 மீட்டர் உயரத்தில், மீன் வடிவில் நீண்டு கிடக்கும் அந்த மலையின் பரப்பு சுமார் 280 ஹெக்டேர். முன்பு மேலே 84 நீர்நிலைகள் இருந்தன என்றும், இப்போது 22 மிஞ்சியிருக்கின்றன என்றும் சொல்வார்கள். குளம், கிணறு, படிக்கிணறு எல்லாம் அதில் சேர்த்தி. இவை நிரம்பினால் 400 கோடி லிட்டர் பிடிக்கும், 50,000 பேர் நான்கு வருஷம் மழையில்லாமல் தாக்குப்பிடிக்கலாம் என்பது பல இடங்களில் அச்சாகியிருக்கும் கணக்கு. வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 55 லிட்டர். இன்றைய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து வீடுகளில் ஒரு தலைக்கு வைத்திருக்கும் அளவும் அதே 55 லிட்டர்தான். தற்செயலான பொருத்தம், ஆனால் ரசிக்கலாம். எனக்கு அந்த 400 கோடியில் சந்தேகம் உண்டு. வருஷத்துக்கு 700 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால், மலை உச்சி முழுவதிலும் விழுகிற மொத்தத் தண்ணீரே 200 கோடி லிட்டரை ஒட்டித்தான் வரும். அதிலும் பாறை குடித்தது, வெயில் குடித்தது, வழிந்து ஓடியது போகவேண்டும். சரி, கால் பங்குதான் கைக்குக் கிடைத்தது என்று வையுங்கள். அப்போதும் 50,000 பேருக்கு ஒரு வருஷம் முழுக்க ஆளுக்கு 27 லிட்டர் வருகிறது. குடிக்க, சமைக்க, குதிரைக்குக் காட்டப் போதும். பெருமைக்காக ஊதிய எண்ணை ஊசியால் குத்தினாலும் உள்ளே இவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் முக்கியம்.

இவ்வளவு தண்ணீர் இருந்தும் சித்தோர் மூன்று முறை விழுந்ததே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, கோட்டையைக் காவியமாக மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கேட்பதில்லை. 1303இல் அலாவுதீன் கில்ஜி ஜனவரி கடைசியில் முற்றுகையிட்டு ஆகஸ்ட் கடைசியில்தான் உள்ளே நுழைந்தார். அதாவது கோடை முழுவதையும் கோட்டை தாண்டியது. உச்சியில் மழையும் பெய்தது. 1535இல் குஜராத்தின் பகதூர் ஷா வந்தார், அவரோடு பீரங்கியும் வந்தது. 1567 அக்டோபரில் தொடங்கிய அக்பரின் முற்றுகையைப் பற்றி விரிவான பதிவுகள் உண்டு. மதிலுக்கு அடியில் சுரங்கம் வெட்டி வெடிமருந்து வைத்தார்கள். ஒன்று வெடித்து மதில் உடைந்ததும் அக்பரின் வீரர்கள் உள்ளே பாய, இரண்டாவது தாமதமாக வெடித்து அவர்களிலேயே இருநூறு பேரளவில் மாண்டார்கள். பிறகு கூரை வேய்ந்த அகலமான பாதை ஒன்றை மதில்வரை கட்டிக்கொண்டு போனார்கள். கோட்டைத் தலைவன் ஜெய்மல் துப்பாக்கிக் குண்டில் சாய்ந்த பிறகு, 1568 பிப்ரவரியில்தான் கோட்டை கை மாறியது. தாகத்தால் அல்ல. இதற்கு மாறாக ரணதம்பூர் 1301இல் விழுந்தபோது உள்ளே தானியம் தீர்ந்துபோயிருந்தது என்று அந்தக் காலத்தவரான அமீர் குஸ்ரோ எழுதுகிறார். சித்தோரில் எதிரி சுரங்கம் தோண்டவும் பீரங்கி வார்க்கவும் மாதக்கணக்கில் கூலி கொடுக்க வேண்டி வந்ததே, வெறுமனே கீழே உட்கார்ந்து காத்திருந்தால் போதாது என்பதால்தான். காத்திருப்பதைப் பயனற்றதாக்கியது மேலே இருந்த தண்ணீர்.

சித்தோரில் இப்போது எங்கே நிறுத்துகிறீர்கள்? வெற்றித் தூண், மீரா கோயில், பத்மினி மஹால். பத்மினி மஹாலில், அலாவுதீன் பத்மினியின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்த கதை சொல்லப்படுகிறது. அந்தக் கதையைப் பிரபலமாக்கிய ஜாயசியின் ‘பத்மாவத்’ 1540இல் எழுதப்பட்டது. 1303 முற்றுகைக்கும் அதற்கும் இடையே 237 வருஷம். கதையைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது மிக நல்ல கதை. ஆனால் அதே மஹால் ஒரு குளத்தின் கரையில் நிற்கிறது, அதன் ஒரு பகுதி குளத்துக்குள்ளேயே நிற்கிறது, அந்தக் குளம் ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லப்படுவதில்லை. கொஞ்சதூரத்தில் மலை விளிம்பை ஒட்டிக் கௌமுக் குளம். பாறைப் பிளவில் பசுவின் வாய் போலச் செதுக்கிய துளையிலிருந்து ஊற்றுநீர் சொட்டி, கீழே உள்ள லிங்கத்தின்மேல் விழுந்து, பிறகு குளத்தில் சேர்கிறது. பச்சைத் தண்ணீரில் பொரி போட்டால் மீன்கள் திரண்டு வரும். குளத்தின் அந்தப் பக்கத்துக் கரையே கோட்டை மதில். அதற்கு அப்பால் செங்குத்தான சரிவு, தூரத்தில் ஊர். மழையைப் பிடித்த பாறையும் அதைத் தேக்கிய கரையும் பகையைத் தடுத்த மதிலும் ஒரே கல்வரிசையாக நிற்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் ராஜஸ்தானில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. பெரும்பாலான குழுக்களுக்கு இங்கே கிடைப்பது ஒரு செல்ஃபிக்கான நேரம்.

ஜெய்ப்பூருக்கு வருவோம்; உங்கள் கூட்டம் மொத்தமும் போகிற இடம் அது. ஆமேரில் ஷீஷ் மஹாலுக்கு எதிரே, தோட்டத்துக்கு அந்தப் பக்கம், சுக் நிவாஸ் என்ற கூடம் இருக்கிறது. கூட்டம் முழுவதும் கண்ணாடிச் சில்லுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்தக் கூடம் காலியாக இருக்கும். உள்ளே போய்த் தரையைப் பாருங்கள். சுவரோரத்தில் ஒரு சாய்வான பளிங்குப் பலகை. அதன்மேல் வழிந்த தண்ணீர் தரையில் வெட்டிய ஆழமில்லாத ஓடையில் இறங்கி, கூடத்தின் நடுவே ஓடி, வாசலைத் தாண்டித் தோட்டத்துக்குப் போயிருக்கிறது. நனைந்த பளிங்கின்மேல் காற்று பட்டுக் கூடம் குளிர்ந்தது. மிச்சத் தண்ணீர் செடிக்குப் பாய்ந்தது. இரண்டு வேலைக்கு ஒரே தண்ணீர். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் ஆமேரின் சாவி. அடிவாரத்தில் பேருந்து நிற்கும் இடத்தில் தெரியும் மாவோட்டா ஏரியிலிருந்து, சக்கரத்தில் குடங்கள் கட்டிய ரஹட்டுகளால், ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று படிப்படியாக மேலே ஏற்றினார்கள். நம் ஊர்க் கமலையையும் ஏற்றத்தையும் பார்த்த கண்ணுக்கு அது உடனே பிடிபடும். ஏரியின் நடுவே மிதக்கும் குங்குமப்பூத் தோட்டத்தைப் போட்டோ எடுக்கச் சொல்கிறீர்கள். ஏரிக்கும் மாளிகைக்கும் உள்ள உறவைச் சொல்வதில்லை.

அதற்கும் மேலே ஜெய்கர். 1726இல் சவாய் ஜெய்சிங் எழுப்பிய கோட்டை. வழக்கமாக அங்கே ஜெய்வாண் பீரங்கியைக் காட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள். ஆரவல்லிச் சரிவுகளில் சுமார் நான்கு கிலோமீட்டர் தூரத்துக்கு வரத்துக்கால்கள் வெட்டி, வழிநெடுக வண்டல் தங்கச் சிறு குழிகள் விட்டு, மழைநீரை இந்தக் கோட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். உள்ளே மூன்று தொட்டிகள். பெரிய தொட்டி தரைக்கு அடியில், 81 தூண்கள் தாங்கும் கூரையோடு, சுமார் 60 லட்சம் கேலன் கொள்ளும் அளவு. கூரை போட்டதில் புத்திசாலித்தனம் இருக்கிறது. வெயில் குடிக்காது, பாசி பிடிக்காது, பருந்து எச்சமிடாது. நடப்பவர்களுக்குக் காலடியில் ஒரு குளம் இருப்பதே தெரியாது. வழிகாட்டிகள் இந்தத் தொட்டியைப் பற்றிப் பேசினால் புதையலுக்காகத்தான் பேசுவார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், தொட்டிகளுக்குக் கீழே அரசகுடும்பத்தின் பொன் புதைந்திருக்கிறது என்ற பேச்சை நம்பி மத்திய அரசு மாதக்கணக்கில் தேடியது. பாகிஸ்தான் பிரதமர் புட்டோ எங்களுக்கும் பங்கு உண்டு என்று இந்திரா காந்திக்குக் கடிதமே எழுதினார். ஒன்றும் கிடைக்கவில்லை என்றே அறிவிக்கப்பட்டது. பிரமாதமான கதை, கட்டாயம் சொல்லுங்கள். சொல்லி முடித்த கையோடு அந்த வரத்துக்கால் ஒன்றின் வாயில் கூட்டத்தை நிறுத்தி, மலைச் சரிவைக் கைநீட்டிக் காட்டுங்கள். ஐந்து நிமிஷம் போதும்.

இப்போது ஒரு கனமான ஆட்சேபம். இதெல்லாம் மன்னராட்சியின் தண்ணீர். யாருக்குக் கிடைத்தது, யார் சுமந்தார்கள் என்று கேட்காமல் தொட்டியை மெச்சுவது பழைய ராஜபக்தியின் புது வேஷம் என்று சொல்லலாம். நான் அதை ஒப்புக்கொள்கிறேன், அதனாலேயே தண்ணீரைக் காட்டச் சொல்கிறேன். ஜோத்பூரில் மெஹ்ரான்கர் 1459இல் ராவ் ஜோதாவால் தொடங்கப்பட்டது. அந்தக் குன்றில் தனியாக இருந்த சிடியாநாத் என்ற துறவியைக் கிளப்பிவிட்டதால், இந்த இடத்தில் தண்ணீர்ப் பஞ்சம் ஓயாது என்று அவர் சபித்தார் என்பது ஊர்க்கதை. சாபத்துக்குப் பயந்து ஜோதா அவருக்குக் கோயில் எழுப்பினாராம். அடித்தளத்தில் ராஜாராம் மேக்வால் என்ற தலித் மனிதர் உயிரோடு புதைக்கப்பட்டார் என்பதும் கோட்டையின் மரபு. அவர் பெயர் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. கோட்டைக்குக் கீழே ராணிசர், பத்மசர் என்று இரண்டு ஏரிகள் ஒட்டி ஒட்டிக் கிடக்கின்றன. ராணிசர் அரண்மனைக்கு, பத்மசர் ஊருக்கு என்பது பழைய வழக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு கரைதான். அந்தக் கரைமேல் பார்வையை ஓடவிட்டால் ஆட்சி எப்படி நடந்தது என்பது, சிம்மாசன அறையில் தெரிவதைவிடத் துல்லியமாகத் தெரியும். பல்லக்கில் யார் போனார் என்று காட்டும் அருங்காட்சியகம், குடத்தைத் தலையில் வைத்து யார் ஏறினார் என்று காட்டாது. படித்துறையின் தேய்ந்த கல் காட்டும்.

இன்னொரு தரப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். மாளிகைதான் இன்றைக்குக் கோட்டைக்குச் சோறு போடுகிறது. சுற்றுலாக் காசு இல்லையென்றால் பாதி இடம் வௌவால் கூடாகியிருக்கும் என்பார்கள். உண்மை. ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை 1957இலேயே ஓட்டலானது. 1971இல் மன்னர் மானியம் ஒழிந்த பிறகு மற்றவர்களும் அந்த வழியில் வந்தார்கள். மெஹ்ரான்கரை 1972இல் தொடங்கிய அறக்கட்டளை பராமரிக்கும் விதத்தைப் பார்த்தால், இந்தியாவில் எத்தனையோ அரசுச் சின்னங்களுக்கு அந்தப் பேறு இல்லையே என்று தோன்றும். மாளிகையைக் காட்டாதீர்கள் என்பதல்ல என் கோரிக்கை. மாளிகையையே தண்ணீர் வழியாகக் காட்டலாம் என்கிறேன். ஜோத்பூரில் 347 அறைகள் கொண்ட உமைத் பவனை ஆடம்பரத்தின் உச்சம் என்று அறிமுகம் செய்கிறீர்கள். அது 1929இல் தொடங்கி 1943இல் முடிந்த பஞ்ச நிவாரண வேலை. மழை பொய்த்து நிலம் காய்ந்த மார்வார் மக்களுக்குக் கூலி தர எடுத்த கட்டடம். உதய்பூரில் படகில் ஏற்றி ஏரி நடுவே நிற்கும் ஜக் நிவாஸ் மாளிகையைக் காட்டி, ஜேம்ஸ் பாண்ட் படம் இங்கேதான் எடுத்தார்கள் என்கிறீர்கள். படகு ஓடும் அந்தப் பிச்சோலா இயற்கை ஏரியல்ல. தானியம் சுமந்து போன பஞ்சாரா வணிகர் ஒருவர் 14ஆம் நூற்றாண்டில் போட்ட கரை அது. பின்னால் மேவார் மன்னர் உதய் சிங் உயர்த்தினார். சித்தோரைக் காக்க முடியாது என்று கண்ட மேவார் அரசு, உச்சியை விட்டு ஏரிக் கரைக்கு இறங்கியதன் சாட்சி உதய்பூர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வறட்சி வந்து ஏரி வற்றியபோது, தண்ணீரில் மிதப்பதாகச் சொல்லப்படும் அந்த வெள்ளை மாளிகை வெடித்த சேற்றின் நடுவில் நின்றது. அன்றைக்குப் படகுக்காரர்களுக்கு வேலையில்லை.

ஜெய்சல்மேரைப் பற்றி மட்டும் நீளமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அங்கே நீங்கள் பார்வையாளர்கள் மட்டுமல்ல. 1156இல் ராவல் ஜெய்சல் எழுப்பிய மஞ்சள் மணற்கல் கோட்டை, 99 கொத்தளங்கள், உள்ளே இன்றும் சில ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள். அங்கே ஒரு வருஷத்தில் பெய்யும் மழை சராசரியாக 200 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரும். சென்னையில் 2015 டிசம்பர் 1ஆம் தேதி ஒரே நாளில் பெய்தது அதைவிட அதிகம். அந்த மழையை நம்பி ஒரு வணிக நகரம் பல நூற்றாண்டு ஓடியது என்றால், அதற்குப் பின்னால் இருந்தது கடீசர் ஏரியும், அதைச் சுற்றியிருந்த கட்டுப்பாடும். ஏரிக்குத் தண்ணீர் வரும் பரப்பை அவர்கள் ஆகோர் என்பார்கள். அங்கே செருப்போடு நடக்கவும் மலஜலம் கழிக்கவும் விடமாட்டார்கள். நம் ராமநாதபுரம் பக்கத்து ஊருணிக்கு இருந்த அதே ஒழுக்கம். தண்ணீரையே அவர்கள் மூன்றாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள்: மழையிலிருந்து நேரே பிடிப்பது பாலர் பானி, ஆழக் கிணற்றில் கிடைப்பது பாதாள் பானி, இரண்டுக்கும் நடுவே ஜிப்சப் படிவத்தின்மேல் ஈரமாகத் தங்கி மணலில் ஊறுவது ரேஜாணி பானி. இதையெல்லாம் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியவர் அனுபம் மிஸ்ரா. அவருடைய இந்திப் புத்தகங்களை உங்கள் வழிகாட்டிகள் கையில் கொடுத்தால், உங்கள் விளம்பரச் செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.

இப்போது குழாய் வந்துவிட்டது. இந்திரா காந்தி கால்வாய் சட்லெஜ், பியாஸ் தண்ணீரைத் தார் பாலைவனத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. கோட்டைக்குள் வீடுகள் விடுதிகளாயின. ஒவ்வொரு அறைக்கும் குளியலறை ஒட்டியது. கடீசரிலிருந்து குடத்தில் வந்த நாளில் ஒரு வீடு செலவழித்ததை இப்போது ஓர் அறை காலையில் ஷவரில் விட்டுவிடுகிறது. அந்தத் தண்ணீர் போய்ச் சேரச் சரியான சாக்கடை நீண்டகாலம் இல்லை. சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய சுவர்களின் இடுக்கில் அது இறங்கி, அடியில் இருக்கும் களிமண் படிவத்தை இளக்கியது. கொத்தளங்கள் நழுவின, வீடுகள் சரிந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996இல் தன் ஆபத்துப் பட்டியலில் இந்தக் கோட்டையைச் சேர்த்தது இதற்காகத்தான். நூற்றாண்டுகளாக நின்ற மதிலைக் குளியலறைத் தண்ணீர் அசைத்தது. கோட்டைக்குள் தங்கும் அனுபவம் என்று நீங்கள் விற்பது இந்தக் கசிவில் ஒரு பங்கு. உள்ளே வாழ்கிறவர்களின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். இல்லை. பகலில் உள்ளே போய்ச் சாப்பிடுங்கள், டீ குடியுங்கள், போர்வை வாங்குங்கள், அங்கேயே ஊர் வழிகாட்டியை அமர்த்துங்கள். ராத்திரி மட்டும் கீழே நகரத்தில் தங்குங்கள். நாற்பது பேரின் குளியலும் துவைப்பும் மலைமேல் நடக்காமலிருந்தாலே அந்த மதிலுக்கு உபகாரம்.

நேரமில்லை என்பீர்கள். ஜெய்ப்பூர் நாளின் நடுவே கம்பளக் கடை, கல் பட்டறை, அச்சுப்புடவைக் கிடங்கு என்று ஒன்றரை மணி நேரம் போகிறதே, அந்த நேரம் எங்கிருந்து வந்தது? கமிஷன் பேசுகிற இடத்துக்கு நேரம் கிடைக்கிறது என்பதை வாடிக்கையாளர்களும் கவனிக்கத்தான் செய்கிறார்கள். முட்டி வலிக்காரர்களால் முடியாது என்பீர்கள். தலைகீழ், படியேறிச் சாகவேண்டியிருப்பது மாளிகைகளுக்குள்தான். ஜெய்கருக்கு வண்டி மேலே போகும். சித்தோர் உச்சி முழுக்கத் தார்ச்சாலை. கடீசர் தரைமட்டத்தில் இருக்கிறது. ஜோத்பூர் பழைய நகரத்துக்குள் இருக்கும் தூர்ஜி கா ஜால்ரா என்ற 18ஆம் நூற்றாண்டுப் படிக்கிணறு, குப்பையும் கழிவுநீருமாக மூடிக்கிடந்து, அண்மையில் தூர்வாரித் துலக்கப்பட்டது. தெருவோரத்தில் நின்றே அதன் அடுக்கடுக்கான படிகளையும், சாயங்காலம் மேலிருந்து குதிக்கும் பையன்களையும் பார்க்கலாம். நடக்கக்கூடியவர்களை மட்டும் மெஹ்ரான்கருக்குப் பக்கத்திலுள்ள ராவ் ஜோதா பாறைப் பூங்காவுக்கு அனுப்புங்கள். எரிமலைப் பாறையைக் கையால் வெட்டி உண்டாக்கிய ஹாதி நஹர் என்ற கால்வாய்க்குள் இறங்கியே நடக்கலாம். ராணிசருக்கும் பத்மசருக்கும் தண்ணீர் கொண்டுபோன வழி அது. உளி பட்ட தடம் சுவரில் இன்னும் இருக்கிறது.

வறண்ட குளத்தைப் போய் என்ன பார்ப்பது என்பதுதான் மிஞ்சும் ஆட்சேபம். அதில் பாதி உங்கள் நாட்காட்டியின் பிழை. டிசம்பர் கடைசி, கூட்டம் அலைமோதும் பத்து நாளில்தான் உங்கள் வண்டிகள் எல்லாம் போகின்றன. பருவமழை முடிந்து செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ போனால் ஆரவல்லி பச்சையாக இருக்கும், குளங்கள் விளிம்பில் நிற்கும், ஓட்டல் வாடகையும் உச்சத்துக்குப் போயிருக்காது. பகல் வெயில் கொஞ்சம் சுடும், நம் ஊர்க்காரர்களுக்கு அது ஒரு பொருட்டல்ல. காலாண்டு விடுமுறையும் அந்த நேரத்தில்தான் வருகிறது. மன்னார்குடியிலிருந்து ஜோத்பூர் பகத் கி கோட்டிக்கு வாரம் ஒரு ரயில் ஓடுகிறது. ஹரித்ரா நதி என்று பெயரிட்டு ஒரு குளத்தை ஆறாகக் கொண்டாடும் ஊரில் ஏறுகிறவர்களுக்கு வரத்துக்கால் என்றால் என்ன, கலிங்கு என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜோத்பூரில் இறங்கியதும் அவர்களை மெஹ்ரான்கரின் மேல்வாசலுக்கு ஏற்றாமல், கீழே பத்மசர் கரைக்கு முதலில் அழைத்துப் போங்கள். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில் மதில் தெரியும். மேலே எப்படித் தண்ணீர் போயிருக்கும் என்று கூட்டத்தில் யாராவது ஒரு பாட்டி கட்டாயம் கேட்பார். வழிகாட்டி அதற்குப் பதில் தயாராக வைத்திருக்கட்டும்.